பெஞ்சில் இருந்தவர்கள் ஹெட் கோச் ஆவது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்கள் அக்கா மகன் அமெரிக்காவில் ஒரு சிறிய டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டில் மூன்றாம் அடுக்கு) கல்லூரியின் கூடைப்பந்து அணியில் மூன்று வருடமாக இருக்கிறான். ஆட்டத்தில் இறங்கியது குறைவு, பெரும்பாலும் பெஞ்ச்தான். படிப்பு முடிந்ததும் கோச்சிங்குக்குப் போகிறேன், ஒருநாள் ஒரு கல்லூரிக்கு ஹெட் கோச் ஆவேன் என்கிறான். பெரிதாக ஆடாத பையனுக்கு யார் அந்த வேலையைத் தருவார்கள், இது நடக்கிற காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்கிற காரியம்தான். சொல்லப்போனால் இந்த வேலையில் பெரிய பெயர் எடுத்தவர்களில் நிறையப் பேர் கல்லூரியில் மாற்று ஆட்டக்காரர்கள். அது தற்செயலாக நடந்தது என்று நான் நினைக்கவில்லை.

கேன்சஸ் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1891-இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித்தான் அங்கே முதல் கோச். அவருடைய கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அந்தக் கல்லூரியில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருக்கும் ஒரே கோச், ஆட்டத்தையே கண்டுபிடித்த மனிதர்! அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் பிற்பாடு அங்கேயே கோச் ஆகிப் பல பத்தாண்டுகள் இருந்தார். அந்த ஆலனின் பெஞ்சில் வேறு வேறு காலத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் அடால்ஃப் ரப். 1952-இல் கேன்சஸ் தேசியப் பட்டம் வென்றபோது டீன் ஸ்மித். இரண்டு பேருமே முதல் ஐவரில் வராதவர்கள். ரப் கென்டக்கிக்குப் போய் 876 ஆட்டங்கள் வென்றார். அந்த எண்ணிக்கையை 1997-இல் தாண்டியவர், நார்த் கரோலினாவில் 36 வருடம் கோச்சாக இருந்த ஸ்மித். 879-இல் ஓய்வு பெற்றார். ஒரே கல்லூரியின் பெஞ்சிலிருந்து இரண்டு பேரும்.

பாப் நைட்டும் அப்படித்தான், 1960-இல் பட்டம் வென்ற ஒஹையோ ஸ்டேட் அணியில் மாற்று ஆட்டக்காரர். ஜிம் பேஹைம் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சைரக்யூஸ் அணிக்குள் வந்த வாக்-ஆன். அங்கேயே 1976 முதல் 2023 வரை ஹெட் கோச். ராய் வில்லியம்ஸ் இன்னும் ஒரு படி கீழே. நார்த் கரோலினாவில் முதல் வருடம் ஜூனியர் அணியில் ஆடியதோடு சரி, அப்புறம் டீன் ஸ்மித்துக்காகப் புள்ளிவிவரம் குறித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னாளில் அதே கல்லூரிக்கு மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கிக்கொடுத்தார்: 2005, 2009, 2017.

ஏன் இப்படி? இதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நான் படித்த கல்லூரியில் இரண்டு வருடம் அணிக்கு மாணவர் மேனேஜராக இருந்தேன். தண்ணீர், துண்டு, பந்து, வீடியோ கேமரா எல்லாம் என் பொறுப்பு. வாரா வாரம் யாரோடு ஆட்டமோ, அவர்களுடைய ஆட்ட முறையை முதல் ஐவருக்குப் பழக்கிக்காட்ட ‘ஸ்கவுட் டீம்’ என்று ஒன்று இருக்கும். அதில் நிற்பவர்கள் பெஞ்சுக்காரர்களும் வாக்-ஆன்களும்தான். இந்த வாரம் ஒரு அணியின் பாயிண்ட் கார்டு மாதிரி ஆட வேண்டும், அடுத்த வாரம் வேறு ஓர் அணியின் ஷூட்டர் மாதிரி ஓட வேண்டும். எங்கள் அணியில் ஒரு வாக்-ஆன் இருந்தார், ஒரு சீசன் முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலும் பத்து நிமிடம் ஆடியிருக்க மாட்டார். ஒருநாள் பிராக்டிஸில், எதிரணி என்று காட்டும் சிவப்பு மேலங்கி போட்டுக்கொண்டு எதிரணி ஃபார்வர்டாக நின்றார். எங்கள் ஸ்டார்ட்டர் ஒருவர் மூன்று தடவை தொடர்ந்து அவரைத் தவறவிட்டார். மூன்றாவது தடவை அவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, “நீ என் இடுப்பைப் பார், பந்தைப் பார்க்காதே, நான் ஸ்க்ரீனுக்குப் போகுமுன் இடது காலை ஊன்றுவேன்” என்று மெதுவாகச் சொன்னார். நான்காவது தடவை ஸ்டார்ட்டர் பிடித்துவிட்டார். அசிஸ்டன்ட் கோச் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் படிப்பு முடிந்ததும் அந்த வாக்-ஆனுக்கு அங்கேயே வேலை கிடைத்தது.

நான்கு வருடம் பெஞ்சில் இருக்கும் பையன் முப்பது, நாற்பது அணிகளின் ஆட்ட முறையைத் தன் உடம்பால் ஆடிப் பார்த்திருப்பான். ஆட்டம் நடக்கும்போது கோச்சும் அசிஸ்டன்ட்டுகளும் முணுமுணுப்பது அவன் காதில் விழும். யாரை எப்போது வெளியே எடுக்கிறார்கள், வெளியே வந்தவன் முகம் எப்படி மாறுகிறது, எந்தச் சொல் அவனைத் திரும்ப ஆட வைக்கிறது என்பதெல்லாம் கண்ணெதிரே நடக்கும். முதல் ஐவரில் ஆடுகிறவருக்கு இதற்கு நேரமில்லை. அவர் தன் ஆளைத் துரத்திக்கொண்டிருப்பார்.

டீன் ஸ்மித் செய்த ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். அவருடைய அணியில் களைத்துப்போன ஆட்டக்காரர் முஷ்டியை உயர்த்திக் காட்டினால் போதும், உடனே வெளியே எடுப்பார். அப்படித் தானாகக் கேட்டு வந்தவர், மூச்சு சீரானதும் தானே சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போகலாம். கோச் எடுத்து உட்காரவைத்தால்தான் கோச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். கூடை போட்டவர் பாஸ் கொடுத்தவரை நோக்கி விரலை நீட்டி நன்றி சொல்ல வேண்டும் என்பதும் அவர் பழக்கிய வழக்கம். வெளியே போனால் திரும்ப இறக்குவார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில் களைப்பை மறைத்துக்கொண்டு அரைவேகத்தில் ஓடுகிறவனின் மனசு, அந்த பெஞ்சில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும் என்பது என் எண்ணம்.

சரி, நட்சத்திர ஆட்டக்காரர்கள்? கல்லூரிகளுக்கு இதில் ஒரு பலவீனம் உண்டு. பழைய நாயகனைக் கூப்பிட்டு ஹெட் கோச் ஆக்கினால் அரங்கம் நிறையும், நன்கொடை வரும், பிள்ளைகள் சேர வருவார்கள் என்று நம்புவார்கள். க்ளைட் ட்ரெக்ஸ்லர் 1998-இல் தன் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கே வந்தார். இரண்டு சீசனில் 19 வெற்றி, 39 தோல்வி, விலகினார். கிறிஸ் மல்லின் செயின்ட் ஜான்ஸில் நான்கு சீசன்: 59-73. இதையெல்லாம்விட எனக்கு மனசு கனத்தது பாட்ரிக் யூயிங் விஷயத்தில். 1984-இல் ஜார்ஜ்டவுனுக்குப் பட்டம் வாங்கித்தந்தவர். அவரைச் சும்மா பெயருக்காக எடுத்தார்கள் என்றும் சொல்ல முடியாது, தொழில்முறை லீக்கான என்பிஏ-வில் சுமார் பதினைந்து வருடம் அசிஸ்டன்ட்டாக உழைத்துவிட்டுத்தான் 2017-இல் வந்தார். 2021-இல், ஜார்ஜ்டவுன் ஆடும் லீக்கான பிக் ஈஸ்ட்டின் தொடர்க் கோப்பையும் வென்றார். மறு சீசனில் அதே பிக் ஈஸ்ட்டின் லீக் ஆட்டங்கள் 19-இலும் தோல்வி. 2023-இல் அனுப்பிவிட்டார்கள். என்பிஏ-வில் வளர்ந்த ஆட்களுக்கு ஆட்டம் சொல்லித்தருவது ஒரு வேலை. கல்லூரியில் பதினேழு வயதுப் பையனின் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து அவன் அம்மாவிடம் பேச வேண்டும், தூக்கமில்லாமல் பரீட்சை எழுதிவிட்டு வந்தவனை டிஃபென்ஸ் ஆட வைக்க வேண்டும், வருடா வருடம் பாதி அணி மாறும். முற்றிலும் வேறு தொழில்.

இதற்கு மாற்றாகவும் ஒருவரைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கம் மட்டும் பேசியதாகிவிடும். ஃப்ரெட் ஹாய்பர்க், ஐயோவா ஸ்டேட்டின் செல்லப்பிள்ளை, கோச்சிங் அனுபவமே இல்லாமல் 2010-இல் அங்கே ஹெட் கோச் ஆனார். ஐந்து சீசனில் 115-56. மற்ற கல்லூரிகளிலிருந்து விலகி வந்தவர்களைச் சேர்த்து அணி கட்டினார், அப்போது அது இன்றுபோல் பரவலாக இல்லை. அதற்கு முன் அவர் என்பிஏ-வில் மினசோட்டா அணியின் நிர்வாகத்தில் ஆட்களை எடைபோடும் வேலையில் இருந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வெற்றி அவ்வளவு ஆச்சரியமில்லை.

ஜான் வூடனை மறக்கவில்லை. பர்டூவில் நாடே கொண்டாடிய ஆட்டக்காரர் அவர், பெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் கல்லூரி முடித்ததும் 11 வருடம் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டு பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித்தந்தார். அந்த வாத்தியார் புத்தி கடைசிவரை போகவில்லை. பிறகு அவர் கோச்சாக இருந்த யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு சீசனும் முதல் நாள் பயிற்சி என்ன தெரியுமா? சாக்ஸ் போடுவது. நாட்டிலேயே சிறந்த பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர் தன் காலில் போட்டுக் காட்டுவார். விரல் பக்கத்தில் சுருக்கம் இருக்கக்கூடாது, குதிகாலில் மடிப்பு இருக்கக்கூடாது, அப்புறம் ஷூ லேஸை ஒவ்வொரு துளையாக இழுத்துக் கட்ட வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பிராக்டிஸ் போகும், அவ்வளவுதான் விஷயம். அவர் 1964 முதல் 1975 வரை 12 வருடத்தில் 10 தேசியப் பட்டங்கள் வென்றார்.

இப்போது வழியைச் சொல்கிறேன். அடிமட்டத்தில் கிராஜுவேட் அசிஸ்டன்ட்: மேல்படிப்புக் கட்டணம் கட்டிவிடுவார்கள், கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள், பதிலுக்கு ராத்திரி முழுக்க வீடியோ வெட்ட வேண்டும், ஷூட்டர்களுக்கு ரீபவுண்ட் எடுத்துப்போட வேண்டும். அப்புறம் வீடியோ கோஆர்டினேட்டர், பஸ், ஹோட்டல், சாப்பாடு பார்க்கும் ஆபரேஷன்ஸ் ஆள். அதற்கு மேலே அசிஸ்டன்ட் கோச். அங்கேதான் பெரிய இரண்டு வேலை கைக்கு வரும், ஒன்று ஆட்களைச் சேர்ப்பது, இன்னொன்று ‘ஸ்கவுட்’. எதிரணிகளை அசிஸ்டன்ட்டுகளுக்குள் பிரித்துக்கொள்வார்கள். உங்களுக்கு வந்த அணியின் கடைசி ஐந்தாறு ஆட்டங்களைப் பார்த்து, அவர்கள் என்ன செய்வார்கள், நாம் எப்படி நிறுத்துவது என்று திட்டம் எழுதி, அணி முன்னால் நின்று விளக்க வேண்டும். தப்பினால் நாற்பது நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ராய் வில்லியம்ஸ் ஐந்து வருடம் உயர்நிலைப் பள்ளி கோச்சாக இருந்துவிட்டு 1978-இல் டீன் ஸ்மித்திடம் பகுதிநேர ஆளாகச் சேர்ந்தபோது சம்பளம் போதாமல் அணியின் காலண்டர்களை ஊர் ஊராக விற்றார். கோச்சின் டிவி நிகழ்ச்சி டேப்புகளைக் காரில் கொண்டுபோய் ஸ்டேஷன்களில் கொடுத்தார். பத்து வருடம் கழித்து கேன்சஸ் அவரை நேராக ஹெட் கோச்சாக எடுத்தது.

புதிய தலைமுறையில் ஜான் ஷையரைப் பாருங்கள். 2010-இல் டியூக் பட்டம் வென்றபோது கேப்டன்களில் ஒருவர். அந்தக் கோடையில் கண்ணில் பட்ட அடி அவருடைய என்பிஏ ஆசையைத் தடம் மாற்றியது, இஸ்ரேல், ஸ்பெயின் என்று ஆடிவிட்டு 2013-இல் டியூக்குக்கே திரும்பி, படிப்படியாக ஏறி, 2022-இல் தன் குரு மைக் ஷஷெஃப்ஸ்கியின் நாற்காலியில் 34 வயதில் உட்கார்ந்தார். ஒன்பது வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்தான். ஆனாலும் பக்கத்து நாற்காலி வேறு, அந்த நாற்காலி வேறு.

அந்த வித்தியாசத்தைப் பார்க்க ஒரு டைம் அவுட் போதும். ஆட்டக்காரர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். ஹெட் கோச் உடனே அவர்களிடம் போக மாட்டார், நான்கு அடி தள்ளி அசிஸ்டன்ட்டுகள் சூழ நிற்பார். ஒருவர் ஸோனுக்கு (ஆளை விட்டு இடத்தைக் காக்கும் டிஃபென்ஸ்) மாறலாம் என்பார், ஒருவர் நம் சென்டருக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டது என்பார், இன்னொருவர் அவர்களுடைய ஷூட்டர் கால் இழுக்கிறான் என்பார். மூன்றும் சரியாகவே இருக்கும். அவர் திரும்பிப்போய்ச் சொல்லப்போவது ஒன்றே ஒன்று. பையன்கள் தலையில் அந்த நேரத்தில் இரண்டு விஷயம் ஏறாது. 2025 தேசியத் தொடரின் அரையிறுதியில் ஹூஸ்டனுக்கு எதிராக, சுமார் 35 வினாடி மீதமிருக்கும்போது ஷையரின் டியூக் 67-61 என்று முன்னால் இருந்தது. 70-67 என்று தோற்றார்கள். கடைசியில் பந்தை யாரிடம் கொடுப்பது என்பதில் அவருக்குக் குழப்பமில்லை, அணியின் நட்சத்திரம் கூப்பர் ஃப்ளாக்கிடம் கொடுத்தார், அந்தப் பையனுக்குப் பிடித்த தூரத்திலிருந்துதான் ஷாட் போனது, கூடைக்குக் கொஞ்சம் குறைவாக விழுந்தது. நான் அந்த முடிவை இன்றும் சரியென்றே சொல்வேன்.

தோல்வியைப் பற்றி உங்கள் பையனிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இதில்தான் பாதிப் பேர் உடைந்துபோகிறார்கள். ஷஷெஃப்ஸ்கி ராணுவக் கல்லூரியின் ஆர்மி அணியில் தன் கடைசி சீசனில் 9-17 வைத்துவிட்டுத்தான் 1980-இல் டியூக்குக்கு வந்தார். முதல் மூன்று சீசன் 38-47. 1983-இல் வர்ஜீனியாவிடம் 109-66 என்று அடிவாங்கினார். நீக்கச்சொல்லிக் கூச்சல் கிளம்பியது, விளையாட்டு இயக்குநர் டாம் பட்டர்ஸ் மசியவில்லை, ஒப்பந்தத்தை நீட்டித்தார். பிறகு ஐந்து பட்டங்கள், மொத்தம் 1,202 வெற்றிகள். டீன் ஸ்மித்தின் முதல் சீசன் 8-9. 1965-இல் ஒரு தோல்விக்குப் பிறகு அணியின் பஸ் வளாகத்துக்குள் நுழைந்தபோது அவருடைய கொடும்பாவி தொங்கிக்கொண்டிருந்தது. பில்லி கன்னிங்ஹாம் என்ற ஆட்டக்காரர் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிப்போய் அதைப் பிய்த்தெறிந்தார். டான் ஸ்டேலி, மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், சவுத் கரோலினா பெண்கள் அணியின் கோச்சாக முதல் சீசன் 10-18. பின்பு 2017, 2022, 2024 பட்டங்கள், அந்த 2024-இல் 38 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. வூடனே யுசிஎல்ஏ-வில் முதல் பட்டத்தைத் தொட 16-ஆவது சீசன்வரை ஆனது. இன்று 38-47 வைத்திருக்கும் ஒருவருக்கு நான்காவது வருடம் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

காலமும் மாறிவிட்டது. 2018-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் பட்டியல்) வந்தது, 2021 ஜூலையில் மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்றானது, 2025-இல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கின. பெஞ்சில் உட்காரவைத்தால் அடுத்த வசந்தத்தில் பையன் வேறு கல்லூரியில் இருப்பான். வர்ஜீனியாவின் கோச் டோனி பென்னெட் இந்த மாற்றத்தோடு தனக்கு ஒத்துவரவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லி 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது விலகினார். 2018 தேசியத் தொடரில் தரவரிசையில் முதலிடம் பெற்ற அணியாக இருந்தும் கடைசியான பதினாறாம் இடத்து அணியிடம் 20 புள்ளியில் தோற்றவர், ஆண்கள் தொடரில் அப்படித் தோற்ற முதல் கோச், அடுத்த வருடமே பட்டம் வென்றவர், அவருக்கே போதும் என்றாகிவிட்டது. இதில் புதிதாக நுழைகிறவனுக்கு ஒரு சாதகம் உண்டு. பழைய முறை அவனுக்குத் தெரியாது, அதனால் அதை இழந்த வருத்தமும் இருக்காது.

சின்ன கல்லூரி என்பதற்காகக் கவலைப்படாதீர்கள். பாட் சமிட் ஆடியது டென்னசியின் மார்ட்டின் வளாகத்தில், பெரிய பெயர் இல்லாத இடம். 1974-இல் 22 வயதில் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியை அவர் கையில் கொடுத்தார்கள். மாதம் 250 டாலர். அணியில் நான்கு பேர் அவரைவிட ஒரே ஒரு வயது சின்னவர்கள். வேனை அவரே ஓட்டினார், சீருடைகளை அவரே துவைத்தார். முதல் ஆட்டம் ஒரு புள்ளியில் தோல்வி. நடுவே 1976 ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளியும் வாங்கினார். 38 வருடத்தில் 1,098 வெற்றி, 8 பட்டங்கள்.

உங்கள் பையனுக்கு இன்னும் ஒரு சீசன் இருக்கிறது, அதை வீணாக்காமல் இருக்கட்டும். டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஊழியர்களும் குறைவு. அங்கே கோச்சுகள் எப்போதும் கை போதாமல்தான் இருப்பார்கள், கேட்டால் வேலை கொடுப்பார்கள். அவன் போய், “இந்த சீசனில் ஓர் எதிரணியின் ஸ்கவுட்டை நான் எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்” என்று கேட்கட்டும். ஒன்று எழுதிக்கொடுத்த பிறகு இன்னொன்று கேட்கட்டும். கோடையில் பெரிய கல்லூரிகள் நடத்தும் சிறுவர் முகாம்களில் வேலைக்கு ஆள் தேடுவார்கள், சம்பளம் பெரிதாக இருக்காது, ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு லே-அப் சொல்லித்தர முடிகிறதா என்று அங்கே நான்கே நாளில் தெரிந்துவிடும். கிராஜுவேட் அசிஸ்டன்ட் இடங்கள் பெரும்பாலும் வசந்தகாலத்தில், கோச்சுகள் இடம் மாறும் சமயத்தில்தான் திறக்கும், அதனால் விண்ணப்பமும் பரிந்துரைக் கடிதமும் மார்ச்சுக்கு முன்பே தயாராக இருக்கட்டும். கடிதத்தை யாரிடம் வாங்குவது என்று கேட்டால், ஸ்கவுட் டீமில் அவனைத் தினமும் பார்க்கும் அசிஸ்டன்ட்டிடம் வாங்கச் சொல்லுங்கள்.